வாழ்த்துக்கு அனுமதி தேவையில்லை

ஜனவரி 6

ஏழாவது வார்டு உறுப்பினர் தன் பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் படத்தை நகராட்சி இணையதளத்தில் ஏற்றிவிட்டார். அரசு முத்திரைக்கு நேர் கீழே கத்தியும் கிரீமும். இன்ஸ்பெக்டர் ஆணையருக்குப் போன் செய்து சிரித்தாராம். ஆணையருக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, இதற்கு ஒரு கடிவாளம் போடுங்கள் என்றார்.

இணையதளம் என் பொறுப்புக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. வார்டுக்கு ஒரு பக்கம். மேலே உறுப்பினரின் படம், பெயர், போன் நம்பர். கீழே அந்த வார்டுக்குத் தண்ணீர் விடும் நாளும் நேரமும். கரட்டுப்பேட்டையில் நாலைந்து நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர் என்பதால் எங்கள் ஊர்ப் பெண்கள் தினசரிக் காலண்டரைவிட அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கத்தியைக் காட்டினால் எப்படி?

கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 9

விதிகள் தயார். பதினான்கு. வேறு ஊர்களில் இருந்து மாதிரி வாங்கித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று நானே எழுதினேன். முப்பது வருடம் குறிப்பு எழுதிய கைக்கு மாதிரி எதற்கு?

கட்சிக் கொடி, சின்னம் கூடாது. ஆயுதம் கூடாது. நகராட்சிப் பணிகளின் தரம் பற்றி அலுவலகம் உறுதிசெய்யாத எதையும் வெளியிடக் கூடாது. இது ஆறாவது விதி, மொத்தத்துக்கும் முதுகெலும்பு. உறுப்பினர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், அலுவலகம் சரிபார்க்கும், நான் ஏற்றுவேன். ஏற்றியதை மாற்றவோ நீக்கவோ முடியாது. 'வார்டு மக்களுக்குத் தகவல் தெரிவிக்கும் முதற்பொறுப்பு உறுப்பினரையே சாரும்' என்பதை இரண்டாவது விதியாக வைத்தேன். அவர்களுக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கட்டும் என்றுதான்.

ஆணையர் வாசித்துவிட்டு, "ஓட்டையே இல்லையே தனுஷ்கோடி" என்றார். மேலாளர் பதவி மார்ச்சோடு காலியாகிறது என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

ஜனவரி 13

மன்றக் கூட்டம். விதிகளை வாசித்ததும் ஒரே முணுமுணுப்பு. பொங்கல் வாழ்த்துக்கூட அலுவலகத்தைக் கேட்டுத்தான் போட வேண்டுமா என்று ஆளாளுக்கு எகிறினார்கள். இவர்களுக்கு வேண்டியது மொத்தமே வாழ்த்துதான். கூப்பிய கை, வெள்ளைச் சட்டை, வாழ்த்து. நகராட்சித் தலைவர் என்னைப் பார்த்தார். நான் அங்கேயே உட்கார்ந்து பதினோராவது விதியைத் திருத்தினேன்: 'பண்டிகை மற்றும் சிறப்பு நாள் வாழ்த்துக்கு அனுமதி தேவையில்லை.' மேசையைத் தட்டினார்கள்.

பத்தொன்பதாவது வார்டு சுருளீஸ்வரி மட்டும் எழுந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிற பெண். சுயேச்சை. எப்படியோ ஜெயித்துவிட்டது. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்டது. அவசரத்துக்கும் இதே வழிதான் என்றேன். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டது. எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை.

ஜனவரி 21

பத்தொன்பதாவது வார்டிலிருந்து முதல் மனு. காளியம்மன் கோயில் தெருவில் குழாய்த் தண்ணீர் நாறுகிறதாம், நுரைக்கிறதாம், மக்கள் குடிக்க வேண்டாம் என்று பக்கத்தில் போட வேண்டுமாம்.

திருப்பிவிட்டேன். நாற்றம் என்பது அபிப்பிராயம். ஒருவருக்கு நாறுவது இன்னொருவருக்கு நாறாது. விதி 6.

என் தங்கை அழகுமணியின் வீடு அந்தத் தெருவில்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லையே. அவள் சொல்லாமல் இருக்கிற ஆளா? காலையில் எழுந்ததும் வாட்ஸப்பில் ஆரம்பித்தாள் என்றால் இட்லி வேகாதது முதல் மாடியில் குடியிருப்பவளுக்கு மசக்கை வரை முழ நீளத்துக்கு எழுதுவாள்.

ஜனவரி 24

பத்தொன்பதாவது வார்டு அம்மா ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில், ஆணையரின் கோப்புகள் மேலேயே, வைத்தது.

"அபிப்பிராயம்னீங்கள்ல சார். நீங்களே மோந்து பாருங்க."

என் வேலை மோந்து பார்ப்பது இல்லை என்றேன். அது போன பிறகு பாட்டிலை எடுத்துக் கழிவறையில் கொட்டினேன். மூடியைத் திறந்தபோது வந்த வாடை மதியச் சாப்பாடு வரை மூக்கைவிட்டுப் போகவில்லை. பாட்டிலைக் கழுவாமல் வைத்திருப்பார்கள்.

ஜனவரி 25

பல் பிடுங்கியாயிற்று. கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கோமதி முகத்தைச் சுளிக்காமல் வைத்துத் தருகிறாள். நல்ல பெண்டாட்டி அமைவதும் ஒரு யோகம்தான்.

பிப்ரவரி 3

ஆணையர் அறையில் கூட்டம். ஆணையர், தலைவர், பொறியாளர், குறிப்பெடுக்க நான். குறிப்பு எடுக்க வேண்டாம் என்று தலைவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

பொறியாளர் சொன்னது: கோயில் தெரு முக்கில் ரோடு போட்டவர்கள் குழாயை உடைத்திருக்கிறார்கள். உடைத்தவர்கள் அதன்மேல் மண்ணைத் தள்ளி, தாரையும் ஊற்றிவிட்டார்கள். பக்கத்திலேயே சாக்கடை. தண்ணீர் விடாத நாட்களில் சாக்கடை குழாய்க்குள் போகிறது. விடுகிற நாளில் அதுதான் முதலில் வீட்டுக்கு வருகிறது. ரோட்டைத் தோண்டினால்தான் சரியாகும்.

ரோடு போட்டது தலைவரின் மச்சான். மார்ச் 15 அன்று புது மேல்நிலைத் தொட்டியைத் திறக்க அமைச்சர் வருகிறார், அதே ரோடு வழியாக. "தோண்டுறதை அதுக்கப்புறம் வச்சுக்குவோம்" என்றார் தலைவர். அதுவரை குளோரினைக் கூட்டிப் போடுவது என்று முடிவு. பொறியாளர் எதையோ சொல்ல வாயெடுத்தார். ஆணையர் அவருக்கு டீ ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் அழகுவுக்குப் போன் செய்து, கேன் தண்ணீர் வாங்கிக்கொள், இருக்கிற தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்றேன். வெயில் காலம் வருகிறது, பொதுவாகவே அது நல்ல பழக்கம். ஏன் என்று கேட்டாள். கேட்காதே, யாரிடமும் சொல்லவும் சொல்லாதே, என் வேலை சம்பந்தப்பட்டது என்றேன். மாடியில் இருக்கிற புள்ளத்தாச்சிக்கு என்று இழுத்தாள். யாரிடமும் என்றால் யாரிடமும்தான்.

அரசு ஊழியனுக்கு இரகசியக் காப்பு என்று ஒன்று இருக்கிறது. அழகு வீட்டு ஆள். அது வேறு.

பிப்ரவரி 4

கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 10

என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள் அந்த அம்மா. பக்கத்தில் போட வழியில்லை என்றதும் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறது. வாட்ஸப்பிலும் அனுப்பியிருக்கிறது. பாதிப்பேர் நம்பவில்லை. நிஜமாக இருந்தால் நகராட்சிப் பக்கத்தில் போட்டிருக்க மாட்டார்களா என்று கேட்டார்களாம். என் இணையதளத்துக்கு ஊரில் அப்படி ஒரு மதிப்பு. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மீதிப்பேரை நினைத்துத்தான் தலைவருக்குப் பதற்றம். அந்த அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, பீதியைக் கிளப்ப மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். புருஷனில்லாத பெண், சின்னக் கடை, போட்டுவிட்டது.

ஆணையர் சொல்லி நான் ஓர் அறிவிப்பு எழுதினேன். 'குடிநீர் குறித்துப் பரப்பப்படும் வதந்திகளைப் பொதுமக்கள் நம்ப வேண்டாம்.' எங்கே போடுவது என்று யோசித்தேன். பத்தொன்பதாவது வார்டுப் பக்கத்திலேயே போட்டேன், அந்த அம்மாவின் படத்துக்குக் கீழே, தண்ணீர் விடும் நேரத்துக்கு மேலே. பார்த்தால் அதுவே சொன்ன மாதிரி இருந்தது. ஆணையர் வாய்விட்டுச் சிரித்தார்.

பிப்ரவரி 16

அழகு வீட்டில் வளைகாப்பு. மாடியில் குடியிருக்கும் மேகலாவுக்கு ஏழாம் மாதம். அவளுக்குத் தாய் இல்லை; பிறந்த வீடு என்று போக இடமில்லை. அதனால் அழகுவே தாய் ஸ்தானத்தில் நின்று எல்லாம் செய்தாள். எலுமிச்சை, புளி, தேங்காய் என்று கலவை சாதங்கள். கோமதி கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தாள். மேகலாவின் கணவன் யுவராஜ் செல்போன் கடையில் வேலை. ஒவ்வொருவருக்கும் ஓடி ஓடி இலை போட்டான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

நன்னாரி சர்பத் வந்தது. இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றேன். கோமதி வாங்கப் போனாள், காலை மிதித்தேன். சாதத்திலும் கை வைக்கவில்லை. வடை மட்டும் எடுத்துக்கொண்டேன், எண்ணெயில் பொரித்தது.

கிளம்பும்போது மேகலா காலில் விழுந்தாள். எழுந்து வளையல் குலுங்கக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க ஆபீஸ்ல இருக்கீங்கன்னு அக்கா சொன்னாங்க. எங்க கவுன்சிலரக்கா தண்ணியக் குடிக்காதீங்கன்னுச்சு. உங்க பக்கத்துல வதந்தின்னு போட்டிருக்கு. எது நெசம்ண்ணே?"

அழகு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல போட்டிருந்தா அதுதாம்மா" என்றேன்.

வேறென்ன சொல்ல முடியும்? நானே எழுதியதை நானே மறுப்பதா? அவளுக்கு நிம்மதி. கையிலிருந்த டம்ளரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி ஏன் காலை மிதித்தீர்கள் என்று கேட்டாள். தெரியாமல் பட்டது என்றேன்.

பிப்ரவரி 19

வளைகாப்புக்குப் பிறகு அழகுவிடமிருந்து வாட்ஸப் இல்லை. வேலையாக இருப்பாள்.

பிப்ரவரி 27

கோயில் தெருவில் ஏழெட்டுப் பேருக்கு மஞ்சள் காமாலை. வெயில் காலத்தில் இது வருவதுதான். சந்தையில் கீழாநெல்லி கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருக்கிறது.

அந்த அம்மா திரும்பவும் மனு. இந்தத் தடவை நாற்றம் பற்றிப் பேச்சே இல்லை. நோயாளிகளின் பெயர், வயது. விவரமாக எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது. திருப்பினேன். தனிமனிதர் விவரம் வெளியிடக் கூடாது, விதி 8. பெயரை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தது. நோய்க்குக் காரணம் தண்ணீர் என்று அலுவலகம் உறுதிசெய்யவில்லை, விதி 6. வெறும் 'காய்ச்சிக் குடியுங்கள்' என்றாவது போடுங்கள் என்றது. அப்படிப் போட்டால் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று ஆகிவிடுகிறதே என்றேன்.

அது மனுவை மடித்துப் பைக்குள் வைத்தது. பிறகு, "நல்லா எழுதியிருக்கீங்க சார் இந்த விதிய" என்றது. பாராட்டு இல்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காகப் பதிலுக்குப் பல்லைக் காட்டவும் இல்லை.

மார்ச் 8

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும். அந்த அம்மாவை நான் சாதாரணமாக எடை போட்டுவிட்டேன்.

மகளிர் தினம். காலையிலேயே எல்லா வார்டிலிருந்தும் வாழ்த்துகள். வாழ்த்துக்கு அனுமதி தேவையில்லை என்பதால் வந்ததை வந்தபடி எடுத்து ஏற்றிக்கொண்டே போனேன். கை பழக்கத்தில் ஓடியது. பத்தொன்பதாவதையும் எடுத்து ஒட்டிவிட்டேன். ஏற்றுகிற பொத்தானில் விரலை வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

'அனைவருக்கும் மகளிர் தின நல்வாழ்த்துகள். தாய்மார்களே, தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடியுங்கள். பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் குழாய்த் தண்ணீரைத் தொடவே வேண்டாம்.'

திரும்பவும் படித்தேன். என் விதியிலேயே, நான் மேசை தட்டலுக்காகத் திருத்திய அந்த ஒரு விதியிலேயே, கதவைக் கண்டுபிடித்திருக்கிறது. என்ன மூளை! படித்திருந்தால் எங்கேயோ போயிருக்கும்.

வாழ்த்துக்குத்தான் அனுமதி தேவையில்லை. வாழ்த்து எதுவரை? முதல் முற்றுப்புள்ளி வரை. அதற்குப் பிறகு உள்ளது அறிவுரை. அறிவுரைக்கு அனுமதி வேண்டும். முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அழித்தேன். ஏற்றினேன். கூப்பிய கையோடு அதன் படம், அதன் கீழே ஒற்றை வரி வாழ்த்து. சுத்தமாக இருந்தது.

மத்தியானம் போன் வந்தது. மிச்சம் எங்கே என்று கேட்டது. எது மிச்சம் என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மாதிரி கேட்டது. தையல் மெஷின் சத்தமாகவும் இருக்கலாம்.

பல் இருந்த இடம் ஆறவேயில்லை. சுடுதண்ணீர் வைக்கச் சொன்னேன்.

மார்ச் 12

அழகு போன் செய்தாள். வாட்ஸப் இல்லை, போன். மேகலாவுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறதாம், வாந்தி நிற்கவில்லையாம். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை உண்டானவர்களுக்கு இந்தக் காமாலை வந்தால் ரொம்ப மோசம் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் தைரியம் சொன்னேன். அவள் பாதியிலேயே வைத்துவிட்டாள். இராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன். மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 15

திறப்பு விழா. அமைச்சர் வந்தார். ரோடு பளபளவென்று இருந்தது. எனக்கும் ஒரு சால்வை. படங்கள் எல்லாம் ஏற்றியாயிற்று.

மார்ச் 17

மேகலா இறந்துவிட்டாள். குழந்தையும்.

மார்ச் 18

போய் வந்தேன். வாசலில் வைத்திருந்தார்கள். அந்த வளையல்கள் இன்னும் கையில் இருந்தன.

யுவராஜ் அழவில்லை. அழகு வீட்டு அடுப்படிக்குள் தண்ணீர் கேட்டுப் போனவன், அங்கே வரிசையாக நிற்கிற கேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீங்க எப்ப இருந்து கேன் வாங்குறீங்க?"

அழகு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். "வெயில் காலம்னு வாங்கினோம் தம்பி" என்று நான்தான் சொன்னேன்.

மார்ச் 20

கோயில் தெருவில் மறியல். காமாலை கண்டவர்கள் நூறைத் தாண்டிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். கலெக்டர் விசாரணைக்கு ஆர்.டி.ஓ.வை அனுப்புகிறார். நேற்று இராத்திரியோடு இராத்திரியாக ரோட்டைத் தோண்டிக் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். ஆணையருக்கு முகம் வெளுத்துவிட்டது. மக்களுக்கு ஏன் எச்சரிக்கை சொல்லவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள், என்ன சொல்வது என்று என்னிடமே கேட்டார்.

எச்சரிக்கை சொல்லும் பொறுப்பு யாருடையது என்று விதி சொல்கிறது என்றேன். எந்த விதி என்றார். இரண்டாவது விதி. மரியாதைக்காகப் போட்டது. பிறகு பத்தொன்பதாவது வார்டுப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இந்த மூன்று மாதத்தில் அந்த உறுப்பினர் பெயரில் வெளியானது ஒன்றே ஒன்று. ஊர் காமாலையில் கிடந்த வாரத்தில், மகளிர் தின வாழ்த்து.

வதந்தி அறிவிப்பு உறுத்தாதா என்று கேட்டார். அது அலுவலக அறிவிப்பு. பதினாலு விதியும் உறுப்பினர்களுக்குத்தான், நமக்கு இல்லை. நேற்றே எடுத்துவிட்டேன் என்றேன்.

ஆணையர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

மார்ச் 22

யுவராஜ் அலுவலகத்துக்கு வந்தான். மொட்டை போட்டிருந்தான். அண்ணே என்று கூப்பிடவில்லை, சார் என்றான். யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றான்.

உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். திரையை அவன் பக்கம் திருப்பினேன். உங்கள் வார்டுக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் இவர்தான், இதுதான் சொன்னது, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவன் அந்த ஒற்றை வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

"வாழ்த்து சொல்லியிருக்கு" என்றான்.

ஆமாம் என்றேன். டீயைக் குடிக்காமலே போனான்.

மார்ச் 24

சுருளீஸ்வரியின் கடையை உடைத்துவிட்டார்கள். யுவராஜும் தெரு ஆட்களும். தையல் மெஷினைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார்களாம். தைக்கக் கொடுத்திருந்த துணியெல்லாம் ரோட்டில். குடிக்க வேண்டாம் என்று வீடு வீடாக வந்து சொன்னேனே, நீங்கள்தான் கேட்கவில்லை என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் உன் படத்துக்குக் கீழேயே வதந்தி என்று வந்தது எப்படி, இது என்ன என்று யுவராஜ் செல்போனை அதன் முகத்துக்கு நேரே பிடித்தானாம். ஒருத்தி வீட்டிலிருந்து சொம்பில் குழாய்த் தண்ணீர் பிடித்துவந்து நீட்டினாளாம், சாக்கடை கலந்தபோது பிடித்துவைத்த பழைய தண்ணீர். குடி என்றார்களாம்.

குடித்துவிட்டதாம். முழுச் சொம்பையும்.

பியூன் வந்து சொன்னது இது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எதற்குக் குடிக்க வேண்டும்? மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லையா? வாழ்த்துக்குள் வெடி வைக்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா?

மார்ச் 28

அந்த அம்மா வந்தது. ஒரு சுற்று இளைத்திருக்கிறது. ஆர்.டி.ஓ.விடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், வாழ்த்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது, வெட்டியது நான்தான் என்று மட்டும் சொல்லுங்கள் என்றது. மற்றது எதுவும் வேண்டாமாம்.

வெளியானதுதான் பதிவு. வெளியாகாதது பதிவில் இல்லாதது. இதை விளக்கினேன். மனுக்களின் நகல் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் கடையில் இருந்ததாம், வாழ்த்து அனுப்பிய செல்போனும் அன்றே சாக்கடைக்குப் போய்விட்டதாம்.

போகும்போது கதவருகில் நின்றது.

"உங்க தங்கச்சி வீட்டுக்குப் பிப்ரவரி பொறந்ததுல இருந்து கேன் போகுது சார். கேன் போடுறவரு எங்க சித்தப்பாதான். நான் யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பையன் அவங்களையும் வந்து அடிச்சிருவான்னுதான்."

அது குடும்ப விஷயம், அலுவலகத்தில் பேசக் கூடாது என்று கத்திவிட்டேன். அக்கம் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

ஏப்ரல் 2

அழகு வீட்டுக்குப் போனேன். நாற்காலி போடவில்லை. சுருளீஸ்வரியைப் போய்ப் பார்த்திருக்கிறாள், எல்லாம் தெரிந்திருக்கிறது.

"என்னத்தண்ணே அழிச்ச? தண்ணியக் காய்ச்சிக் குடிங்கங்கிற வரியத்தானே? அதத்தானே எனக்குப் போன்ல சொன்ன."

மெதுவாகப் பேசு, மாடியில் கேட்கும் என்றேன்.

"மேல யார் இருக்கா கேக்க?" என்றாள். யுவராஜ் காலி செய்துவிட்டுப் போய்விட்டானாம். அவனிடம் நீ ஏதாவது சொன்னாயா என்று அழகுவைக் கேட்டேன். கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"எப்படிச் சொல்றது? உனக்குத் தெரியும்னு சொன்னா, எனக்கும் தெரியும்னு ஆகுதுல்ல. என் கையாலதான்ணே அவளுக்கு வளையல் போட்டேன். என் கையாலதான் சர்பத் கரைச்சேன். கேன் தண்ணியில கரைச்சா எல்லாரும் ஏன்னு கேப்பாங்கன்னு குழாயிலயே பிடிச்சேன்."

தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கூடப் பிறந்தவள், பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது நெஞ்சில் இருந்து ஒரு கல் இறங்கியது. சொல்ல மாட்டாள். சொல்லவே முடியாது.

ஏப்ரல் 10

விசாரணை அறிக்கை வந்தது. உறுப்பினர் தன் முதற்பொறுப்பில் தவறியிருக்கிறார். நோய் பரவிய வேளையில் வாழ்த்துச் செய்தி வெளியிட்டது பொறுப்பின்மையைக் காட்டுகிறது. சுருளீஸ்வரி ஜி.எச்.சில் படுத்தபடி ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டதாம். அதற்கும் காமாலைதான்.

மேலாளர் உத்தரவு என் கைக்கு வந்தது. அலுவலகத்தில் லட்டு கொடுத்தேன். நம் விதிகளை மற்ற நகராட்சிகளும் கேட்கிறார்களாம். ஒரே ஒரு திருத்தம் செய்து அனுப்புங்கள் என்று ஆணையர் சொன்னார். அன்றே செய்துவிட்டேன். பதினைந்தாவது விதி: 'வாழ்த்துச் செய்தி ஒரு வாக்கியத்துக்கு மேற்படலாகாது.'

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். கோமதி மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் எல்லாம் செய்தாள். ஏனோ எதுவும் ருசிக்கவில்லை. வருடா வருடம் அழகு குடும்பத்தோடு வருவாள். வரவில்லை.

காலையில் வாழ்த்துகளை ஏற்றினேன். எல்லாம் ஒரே வரி. பத்தொன்பதாவது வார்டில் 'காலியிடம்' என்று மாற்றினேன். அந்த மகளிர் தின வாழ்த்து அங்கேயே நிற்கிறது. ஏற்றியதை நீக்க விதியில் இடமில்லை. அதன் கீழே தண்ணீர் விடும் நேரம். அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் இதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சாப்பிட்டு முடித்த பிறகு அழகுவிடமிருந்து வாட்ஸப் வந்தது. இத்தனை நாளைக்கு அப்புறம். மனசு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, சாய்வாக உட்கார்ந்து திறந்தேன், அவள் எழுதினால் முழ நீளத்துக்கு எழுதுவாளே என்று.

'புத்தாண்டு நல்வாழ்த்துகள்.'

கீழே ஏதாவது இருக்கும் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.